தாளத்தில் நான் விழுங்கிய விரல்

திருவிடந்தைக்குப் பக்கத்தில் ஒரு மேடையில் நன்றாகப் பாடிக்கொண்டிருந்த மனிதரை நான் கவிழ்த்தேன். முன் வரிசையில் உட்கார்ந்து, தொடையில் தாளம் போட்டபடியே, ஒரே ஒரு விரலைத் தட்டாமல் விட்டேன். தவறி விட்டது என்று சொல்லிக்கொள்ள எனக்கு நிறைய வசதி இருந்தது. எழுபதைத் தாண்டிய வயது, விரல் மூட்டுகளில் வலி, மின்விசிறிக் காற்று எட்டாத நாற்காலி. ஆனால் தெரிந்துதான் விட்டேன். விட்ட நொடியில் உள்ளே ஒரு குட்டி சந்தோஷம்கூட எட்டிப் பார்த்தது. அதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

எங்கள் கோடை இசை முகாம் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பாட்டு ஆசை வந்தவர்களுக்கானது. மே மாதம் பூட்டிக் கிடக்கும் ஒரு பள்ளிக்கூடத்தைச் சில நாட்களுக்குக் கேட்டு வாங்கிக்கொள்வோம். ஒரு பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலை, மறு பக்கம் சவுக்குத் தோப்பு, அதற்கப்பால் கடல். மூன்றாம் வகுப்பு 'பி' பிரிவில் தரையில் பாய் விரித்துப் பாடுவோம். சுவரில் பதினாறாம் வாய்ப்பாடு ஒட்டியிருக்கும். பல் டாக்டர், மின்வாரியப் பொறியாளர், பத்திரப் பதிவு அலுவலர் என்று எல்லாரும் அதற்குக் கீழே உட்கார்ந்து வாயைத் திறக்கப் பயந்துகொண்டிருப்போம். கற்றுக்கொடுப்பவர் வயலின் வாசிக்கும் ஒரு பெண்மணி. என் மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் எல்லாருக்கும் அவர் 'டீச்சர்'. அவர் புருவத்தை உயர்த்தினால் பல் டாக்டருக்கே பல் கூசும்.

நான் செங்கல்பட்டில் இருக்கிறேன். கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். தாளம் எனக்குப் பிறவியிலேயே வந்தது. ஆதி தாளத்தில் ஒரு தட்டு, பிறகு சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், அப்புறம் தட்டி வீசி, மறுபடி தட்டி வீசினால் எட்டு எண்ணிக்கையில் ஒரு சுற்று முடியும். தூக்கத்தில் எழுப்பிவிட்டாலும் போடுவேன். குரல்தான் தகராறு. சுருதிப் பெட்டி ஒரு இடத்தில் நிற்கும். நான் அதற்குச் சற்றுத் தள்ளி, மரியாதையான தூரத்தில் நிற்பேன். மூன்று வருடங்களாக முகாமுக்குப் போய்வந்தும் அந்தத் தூரம் குறையவில்லை.

இருந்தாலும் ஓர் ஆசை இருந்தது. முகாமின் கடைசி மாலையில் குடும்பத்தார் எல்லாரும் வர, பள்ளியின் விழா மேடையில் நாங்கள் கூட்டமாகச் சில பாட்டுகள் பாடுவோம். நடுவில் ஒரே ஒரு கீர்த்தனையை ஒருவர் மட்டும் தனியாகப் பாடுவார். அந்த இடத்துக்கு நான் மூன்று வருடமாக வரிசையில் நின்றிருந்தேன். வரிசை என்று ஒன்று இருந்ததாக எனக்கு மட்டுமே தெரியும் என்பது வேறு விஷயம்.

நான்காம் வருடம் படாளத்திலிருந்து ஒருவர் புதிதாக வந்து சேர்ந்தார். கரும்பு லாரிகள் வைத்திருப்பவர். முதலில் டிரைவராக இருந்து, பிறகு ஒரு லாரி வாங்கி, அது இரண்டாகி, நான்காகி முதலாளி ஆனவர். என்னைவிடப் பத்து வயது இளையவர். முதல் நாள் டீச்சர், "ஏதாவது ஒன்று பாடுங்க" என்றதும் கண்ணை மூடி ஒரு விருத்தம் எடுத்தார். வராந்தாவில் குப்பை பெருக்கிக்கொண்டிருந்த அம்மா துடைப்பத்தோடு உள்ளே வந்துவிட்டார். அப்படி ஒரு குரல். முறையாக யாரிடமும் கற்றுக்கொண்டதில்லை. எல்லாம் லாரியில் போகும்போது தனக்குத்தானே பாடிக்கொண்டதுதானாம். ஆனால் தாளம் போட்டுப் பாடச் சொன்னபோது கையும் வாயும் இரண்டு தனித்தனி லாரிகள் மாதிரி போயின. எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

அந்த உயிர் மறுநாள் காலை நாஸ்தாவோடு போயிற்று. இட்லிக்கு வரிசையில் நிற்கும்போது நான் முந்தின நாள் பாடத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் நின்ற படாளத்துக்காரர் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"வாத்யாரே, உன் பாட்டுல தாளம் கீது பாரு, ஒரு கொறை சொல்ல முடியாது. பாட்டு மட்டும்தான் இல்ல."

பல் டாக்டர் சிரித்த சிரிப்பில் அவருடைய கடைவாய்ப் பற்களெல்லாம் தெரிந்தன. நானும் சிரித்தேன். படாளத்துக்காரர் என் தோளில் ஒரு தட்டு தட்டி, "கோச்சுக்காத அண்ணாத்த, நம்ம வாய் இப்டித்தான்" என்று என் தட்டில் கூடுதலாக ஒரு இட்லியை வாங்கிப் போட்டார். அவர் மனதில் கள்ளம் எதுவும் இல்லை. எனக்குத்தான் அந்த இட்லி இன்னும் செரிக்கவில்லை.

நிகழ்ச்சிக்குச் சில நாட்கள் முன்பு டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சார், இந்த வருஷம் உங்களுக்குத்தான் முக்கியமான வேலை."

"எந்த ராகம் டீச்சர்?"

"ராகம் இல்ல சார். தனிப்பாட்டு படாளத்துக்காரர் பாடறார். நீங்க முன் வரிசையில நடுவுல உட்கார்ந்து, அவர் கண்ணுக்குத் தெரியற மாதிரி தாளம் போடணும். அவருக்குக் குரல் இருக்கு, கணக்கு இல்ல. உங்களுக்குக் கணக்கு இருக்கு..." என்றவர் அங்கேயே நிறுத்திக்கொண்டார். மீதியை நாகரிகம் கருதி இரண்டு பேருமே சொல்லவில்லை.

அதிலிருந்து தினமும் மாலையில் எங்கள் இருவருக்கும் தனி ஒத்திகை. கடற்கரையில் ஒரு பழைய கட்டுமரத்தின் மேல் நான் உட்கார்ந்து தாளம் போடுவேன். அவர் மணலில் நின்றபடி என் கையைப் பார்த்துப் பாடுவார். வலை பின்னும் மீனவர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். என் கையைப் பார்த்தால் ஒரு இடத்திலும் பிசகமாட்டார். கை நின்றால் குரலும் நின்றுவிடும். ஒரு நாள் பாடி முடித்து மணலில் உட்கார்ந்தவர், கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"என் மச்சானுங்க கீறானுங்களே, நான் வாய தொறந்தா காத பொத்திக்குவானுங்க. தொண்டையில ஏர் ஹாரன் மாட்டிகினு பொறந்தவன்னுவானுங்க. எங்க வூட்டுக்காரி ஒருத்திதான் 'நீ பாடுய்யா'ன்னு சொல்றவ. இந்த முகாமுக்கு என்ன சேத்து வுட்டதே அவதான். இப்ப வேன் பேசி அத்தினி பேரையும் இட்டுகினு வரா, எம்புருசன் பாட்ட வந்து கேளுங்கடான்னு. நான் சொதப்பினா இன்னா ஆவும் தெரியுமா?"

"என்ன ஆகும்?"

"அவ வாய மூடிக்குவா. நானும் மூடிக்குவேன். அதோட ஆயுசுக்கும் பாட்டு கெடையாது."

"பயப்படாதீங்க முதலாளி. என் கையை மட்டும் பாருங்க. கடல் எழும்பி மேலே வந்தாலும் இந்தக் கை நிற்காது" என்றேன். அதைச் சொன்னபோது உண்மையாகவேதான் சொன்னேன்.

கடைசி மாலை வந்தது. எங்களில் பாதிப் பேர் தலைக்குச் சாயம் பூசியிருந்தோம். மேடைக்குப் பின்னால் பள்ளி ஆண்டு விழாவின் காகித மயில் ஒன்று இன்னும் தோகை விரித்து நின்றது. படாளம் வேன் ஹாரன் அடித்துக்கொண்டே வந்து நின்றது. மச்சான்கள், அவர்கள் மனைவிகள், பிள்ளைகள் என்று இறங்கிக்கொண்டே இருந்தார்கள். முதலாளியின் மனைவி அரக்கு நிறப் பட்டுப் புடவையில், தலை நிறைய மல்லிகையோடு எனக்கு நேர் பின்னால் வந்து உட்கார்ந்தார். குனிந்து என்னிடம் கேட்டார்:

"அய்யா, நீங்கதான் கை காட்றவரா? தெனம் போன்ல ஒங்களப் பத்திதான் சொல்லுவாரு. பாத்துக்கங்கய்யா."

"நான் பார்த்துக்கறேன்மா" என்றேன்.

முதலாளி மேடையேறினார். ஒரு பக்கம் வயலினோடு டீச்சரும், மறு பக்கம் செங்கல்பட்டிலிருந்து வரவழைத்த மிருதங்கக்காரரும் உட்கார்ந்தார்கள். பல்லவி எடுத்தார். கண் என் கையிலேயே இருந்தது. கூடம் அப்படியே அடங்கியது. ஏர் ஹாரன் என்று சொன்ன மச்சான்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அனுபல்லவியில் குரல் மேலே ஏறி, அங்கேயே நின்று, ஒரு சுற்றுச் சுற்றி இறங்கியபோது பின்வரிசையில் யாரோ விசிலே அடித்துவிட்டார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இந்த மனுஷனா லாரி ஓட்டினார்? என்ன குரல்ங்க!"

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் பாட்டைப் பற்றி அவள் சொன்ன ஒரே கருத்து, ஜன்னலைச் சாத்திக்கொண்டு பாடுங்கள் என்பதுதான். அவள் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். இட்லி வரிசை ஞாபகத்துக்கு வந்தது. சரணம் தொடங்குவதற்கு ஒரு சுற்று பாக்கி. தட்டினேன், சுண்டு விரலை வைத்தேன், மோதிர விரலை விட்டுவிட்டு நேராக நடு விரலுக்குப் போனேன்.

எட்டு ஏழாகிவிட்டது. பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. ஒரு கிழவன் தொடையைத் தட்டிக்கொண்டிருக்கிறான், அவ்வளவுதான். ஆனால் என் கையையே நம்பிக்கொண்டிருந்தவர் சரணத்தை ஓர் எண்ணிக்கை முன்னதாக எடுத்தார். மிருதங்கம் தன் கணக்கில் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. குரலும் மிருதங்கமும் மோதிக்கொண்டன. டீச்சர் வயலினை அவர் பின்னாலேயே இழுத்துக்கொண்டு போய்ச் சரிசெய்யப் பார்த்தார். முதலாளி பயந்து மறுபடி என் கையைப் பார்த்தார். நான் அதே தப்பான கணக்கிலேயே, முகத்தை மிக நல்லவனாக வைத்துக்கொண்டு, தட்டிக்கொண்டிருந்தேன். அவர் மறுபடி எடுத்தார், மறுபடி மோதியது. மூன்றாவது முறை சொல் வாயிலேயே நின்றுவிட்டது. பின்னால் ஒரு மச்சான் மெதுவாக, "பாம்... பாம்" என்றான். கூடம் முழுக்கச் சிரித்தது. முதலாளி கும்பிட்டுவிட்டு எழுந்து இறங்கிவிட்டார்.

மேடைக்குப் பின்னால், காகித மயிலுக்கு அடியில், என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"மன்ச்சிக்க வாத்யாரே. நீ கரீட்டா காட்டிகினு இருந்தே. நான்தான் வுட்டுட்டேன். உன் பேரையும் கெட்த்துட்டேன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, "பரவாயில்லை முதலாளி, முதல் மேடைதானே." விரலைத் தட்டாமல் விட்டதைவிட இந்த ஒரு வாக்கியம் கேவலமானது.

மச்சான் எடுத்த வீடியோ அவர்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஓடி, உண்மையான ஏர் ஹாரன் சத்தம் சேர்க்கப்பட்டு, எப்படியோ எங்கள் முகாம் குழுவுக்கும் வந்தது. நானும் பார்த்தேன். ஒரு தடவையோடு நிறுத்தவில்லை. முதல் சில தடவை சிரிப்பு வந்தது. பிறகு அவர் முகம் தெரிய ஆரம்பித்தது. சரணத்தில் தடுமாறியதும் என் பக்கம் திரும்புகிறாரே, அந்த முகம். அதற்குப் பிறகு அந்த வீடியோவைத் திறக்க முடியவில்லை.

அடுத்த வருட முகாமுக்கு அவர் வரவில்லை. முதல் நாளே நான் டீச்சரிடம் போய், இந்த முறையாவது தனிப்பாட்டு எனக்குக் கிடைக்குமா என்று இழுத்தேன். அவர் வயலின் வில்லில் ரோசின் கட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்:

"போன வருஷம் உங்க மோதிர விரலுக்கு என்ன ஆச்சு சார்?"

பதினாறாம் வாய்ப்பாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எனக்கு மேடையில இருந்து நல்லாத் தெரிஞ்சது" என்றார். "அவரை இந்த வருஷமும் கூப்பிட்டேன். தாளம் வராதவனுக்குப் பாட்டு எதுக்குன்னு சொல்லிட்டார். வீட்டிலயும் பாடறதில்லையாம்."

"நீங்க அவர்கிட்ட சொல்லலையா டீச்சர்?"

"நான் எதுக்குச் சொல்லணும்? விரல் உங்களோடது."

மறுநாள் வகுப்புக்குப் போகவில்லை. மாமல்லபுரம் வழியாகச் செங்கல்பட்டு வந்து, அங்கிருந்து மதுராந்தகம் போகும் பஸ்ஸில் ஏறிப் படாளத்தில் இறங்கினேன். வழி முழுக்க வாக்கியங்களைத் தயார் செய்துகொண்டே போனேன். பாலாற்றுப் பாலம் தாண்டும்போது அருமையான ஒரு முன்னுரை தயாராகிவிட்டது. லாரி ஷெட்டில் அவர் என்னைப் பார்த்ததும், "அட வாத்யாரே! இன்னா இம்மாந்தூரம்? டீ சொல்லட்டா?" என்று கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார். முன்னுரை மறந்துபோயிற்று.

"அன்னைக்குத் தப்பு உங்களது இல்லை முதலாளி. நான்தான் ஒரு விரலை விட்டேன். வேண்டுமென்றே விட்டேன். பொறாமை."

அவர் என்னைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தாலும் சரிதான். அவர் கேட்டது வேறு.

"அப்ப... எனுக்குத் தாளம் வந்துச்சா?"

"வந்தது. என் கை ஒழுங்காக இருந்திருந்தால் கடைசி வரைக்கும் வந்திருக்கும்."

"இந்தாமே!" என்று வீட்டைப் பார்த்துக் கத்தினார். வீடு ஷெட்டை ஒட்டியே இருந்தது. "இங்க வா! வாத்யார் இன்னா சொல்றாரு கேளு! எனுக்குத் தாளம் வந்துச்சாம்மே!"

அவர் மனைவி வாசலுக்கு வந்தார். நான் மறுபடி ஒரு தடவை முழுவதும் சொல்ல வேண்டியிருந்தது. இந்த முறை இன்னும் கஷ்டமாக இருந்தது. கேட்டு முடித்துவிட்டு அவர் சொன்னார்:

"அன்னிக்கு நான் ஒங்க பின்னாலதான் குந்திகினு இருந்தேன். பூரா நேரமும் ஒங்க கையத்தான் பாத்துகினு இருந்தேன்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

முதலாளி கொஞ்ச நேரம் ஒரு டயரின் மேல் உட்கார்ந்திருந்தார். எழுந்தபோது முகத்தில் பழைய குறும்பு வந்திருந்தது.

"மன்ச்சிட்டேன்னு சும்மா சொல்ல மாட்டேன் வாத்யாரே. ஞாயித்துக்கெழம வா. என் மச்சானுங்களக் கூப்புட்றேன். அவனுங்க முன்னால நீ செஞ்சத சொல்லணும். சொல்ட்டு அதே பாட்ட நீ பாடணும். நான் தாளம் போட்றேன்."

"என் குரல் உங்களுக்குத் தெரியுமே முதலாளி."

"தெரியும். அதான் சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை லாரி ஷெட்டில் தார்ப்பாய் விரித்திருந்தார்கள். மச்சான்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். நான் எழுந்து நின்று என் குற்றத்தைச் சொன்னேன். பெரிய மச்சான், "படிச்ச ஆளு பண்ற வேலையாய்யா இது?" என்றான். நான் உட்கார்ந்து பல்லவியை எடுத்தேன். முதலாளி எனக்கு எதிரே சம்மணமிட்டு, எல்லாருக்கும் தெரியும்படி கையை உயர்த்தித் தாளம் போட்டார். ஒரு எண்ணிக்கைகூடப் பிசகவில்லை. பாடுவதை விட்டுவிட்டாரே தவிர, தாளம்தான் தன் குறை என்று நம்பி, வருடம் முழுக்க ஸ்டீயரிங்கின் மேல் தட்டித் தட்டிப் பழகியிருக்கிறார். இதை அவர் பிற்பாடு சொன்னபோது எனக்குத் தலை நிமிரவில்லை.

அன்றைக்கு அந்தத் தாளமே எனக்கு வினையாகிவிட்டது. அவர் ஒரு இடத்தில் தப்பினால் போதும், அதைச் சாக்காக வைத்து நிறுத்திவிடலாம் என்று காத்திருந்தேன். மனிதர் தப்பவே இல்லை. பல்லவியை முடிக்கப் போனால், "இன்னொரு தபா வாத்யாரே" என்பார். அனுபல்லவியில் என் குரல் மேலே ஏறி, எதையும் பிடிக்காமல் திரும்பி வந்தது. ஒரு குழந்தை அழுதது. வெளியே கட்டியிருந்த மாடு எழுந்து நின்றது. சரணத்துக்குள் நுழைவதற்குள் சின்ன மச்சான் இரண்டு கையையும் தூக்கிவிட்டான்.

"நைனா, போதும்! பேஜாரா கீது! மாமா, இந்தாள நிறுத்திட்டு நீயே பாடேன்யா!"

"நான் பாட்னா ஏர் ஹாரன்னுவீங்களேடா" என்றார் முதலாளி, கை தாளத்தை விடாமல்.

"இதுக்கு அது தேவல மாமா! கும்புட்றேன், பாடு!"

நான் நிறுத்திக்கொண்டேன். அவர் நிறுத்தவில்லை. அதே சுற்றில், அடுத்த தட்டிலேயே பல்லவியை எடுத்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. தன் தொடையில் தானே தட்டி, தன் விரல்களைத் தானே எண்ணி, அனுபல்லவி ஏறி, சரணத்துக்குள் சரியாக இறங்கி, முழுப் பாட்டையும் பாடி முடித்தார். மச்சான்கள் யாரும் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. பெரிய மச்சான் மட்டும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "எங்க அக்கா எங்க?" என்று கேட்டான். அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று யாருக்கும் தெரியாது. புடவைத் தலைப்பை வாயில் வைத்திருந்தார்.

அதற்கடுத்து, இந்த வருடம் முதலாளி மறுபடி முகாமுக்கு வந்தார். கடைசி மாலையில் தனிப்பாட்டு அவருடையதுதான். நான் கூட்டத்தோடு நின்று, வெளியே அதிகம் கேட்காத அளவுக்குப் பாடினேன். இட்லி வரிசையில் பழையபடி என்னை வம்புக்கு இழுத்தார். அதற்கு எல்லாரும் சிரித்தபோது என்னாலும் சிரிக்க முடிந்தது. வேன் இந்த முறையும் வந்திருந்தது.

நிகழ்ச்சி முடிந்து எல்லாரும் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் அவர் மனைவியிடம் போனேன். "அருமையாப் பாடினார், இல்லம்மா?" என்றேன்.

அவர் தலையாட்டினார். சுண்டல் பொட்டலத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"அவரு எல்லாத்தையும் மறந்துட்டாரு அய்யா" என்றார். "அது அவரு கொணம்."

வேனிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அவர் என்னைச் சுற்றிக்கொண்டு போய் ஏறினார்.